டாலருக்குத் தடைக்காலம் தெரியுமா?

வாசகர் கேள்வி – பதில்

சமூக நோக்கத்தோடு தொழில் நடத்துகிறவர்கள் பணம் திரட்டுவது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி பக்கமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதிய பெண்ணுக்கு மட்டுமல்ல, புதுத் தொழில்களுக்குப் பணமும் சில மாதப் பயிற்சியும் கொடுத்து வளர்க்கிற ஆக்சிலரேட்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சு படபடக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: ஐயா, நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். ஊர் கடலூர் முதுநகர். மீன் விற்கும் அம்மாக்கள் மணலில் கருவாடு காய வைப்பதைப் பார்த்து வளர்ந்தேன். மண் ஒட்டாமல், ஈ மொய்க்காமல் காய்வதற்கு ஒரு சூரிய உலர்த்தி செய்து, சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், ராசாபேட்டை மூன்று ஊரிலும் சேர்த்து 14 பெட்டி வைத்திருக்கிறேன். ஒரு பெட்டி செய்ய 65,000 ரூபாய். பச்சை மீன் கிலோவுக்கு 6 ரூபாய் கூலி வாங்குகிறேன். வளரும் நாடுகளின் சமூகத் தொழில்முனைவோருக்கென்று நடக்கும் ஒரு வெளிநாட்டு ஆக்சிலரேட்டரில் தேர்வாகியிருக்கிறேன். 45,000 டாலர் தருவார்கள், கம்பெனியில் 8 சதவீதப் பங்கு கேட்கிறார்கள். பயிற்சிக் கட்டணமாக 6,000 டாலரை அதிலேயே பிடித்துக்கொள்வார்கள். மூன்று மாதம் சிங்கப்பூரில் இருக்க வேண்டும். அப்பா வேண்டாம் என்கிறார். உடன் படித்தவர்கள் இந்த வாய்ப்பு மறுபடி வராது என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? கணக்கை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, முதலில் என் வாழ்த்து. மணலில் காய்ந்த கருவாட்டை மூன்று தண்ணீர் அலசினாலும் பல்லில் மண் கடிக்கும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து 14 பெட்டி ஓட விட்டிருக்கிறீர்கள். தேர்வானது உங்கள் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை, அதில் சந்தேகமே வேண்டாம்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இருக்கிறபடி போடாதீர்கள். காரணத்தை உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

ஒரு பெட்டியில் ஒரு தடவைக்கு 40 கிலோ, மாதம் 12 தடவை என்று எழுதியிருக்கிறீர்கள். கிலோவுக்கு 6 ரூபாய் என்றால் மாதம் 2,880. அதைப் பன்னிரண்டால் பெருக்கி வருஷத்துக்கு 34,560 என்று போட்டு, இரண்டே வருஷத்தில் பெட்டியின் விலை திரும்பிவிடும் என்று காட்டியிருக்கிறீர்கள். காகிதத்தில் கணக்கு சரி. கடலூர் துறைமுகத்தில் சரியில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு கொண்டுவரும் கொஞ்ச மீனும் அந்த மாதங்களில் பச்சையாகவே நல்ல விலைக்குப் போய்விடும், காய வைக்க மிஞ்சாது. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது மீன் வந்தாலும் வெயில் வராது. ஆக, வேலை நடப்பது எட்டு மாதம். எட்டு மாதத்துக்கு ஒரு பெட்டி தருவது 23,040 ரூபாய். பெட்டியின் விலை திரும்ப மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதுவும் உதவிக்கு இருக்கும் ஆளின் கூலியையும், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் ஆணியையும், மங்கிப்போகும் பாலிகார்பனேட் தகட்டையும் சேர்க்காத கணக்கு. அக்கினி நட்சத்திர வெயில் அடிக்கும்போது துறையில் மீன் இல்லை. இதை எந்த முதலீட்டாளருக்கும் நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

இப்போது அவர்கள் போட்டிருக்கும் விலையைப் பார்ப்போம். 45,000 டாலர் என்றால் நம் பணத்தில் கிட்டத்தட்ட 40 லட்சம். அதற்கு 8 சதவீதம் என்றால் உங்கள் கம்பெனி மொத்தமும் 5 கோடி ரூபாய் பெறும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கட்டணம் போக உங்கள் கைக்கு வருவது 39,000 டாலர்தான். பங்கு மட்டும் 8 சதவீதம் முழுசாகப் போகிறது. அந்தப் பணத்தோடு கணக்குப் போட்டால் மதிப்பு 4 கோடியே 33 லட்சம். கட்டணத்தை வாங்கும் பணத்திலிருந்தே பிடிப்பது உலகத்தில் பல இடத்தில் நடக்கிறது. சட்டப்படி தப்பில்லை. ஆனால் பேசிக் குறைக்க முடியும், பேசுங்கள்.

மதிப்பு 5 கோடி என்றதும் சந்தோஷம் வரும். அங்கேதான் கவனம் வேண்டும். 14 பெட்டியின் ஆண்டு வசூல் 3 லட்சத்து 22 ஆயிரம். கைக்கு வரும் பணத்தில் வேறு எந்தச் செலவும் செய்யாமல் பெட்டி மட்டுமே செய்தால் 53 பெட்டி வரும். பழையதும் புதியதும் சேர்ந்து ஆண்டு வசூல் 15 லட்சத்து 43 ஆயிரம். இந்த வசூலை வைத்துக்கொண்டு அடுத்த முதலீட்டாளரிடம் போய், கம்பெனியின் மதிப்பு இப்போது 15 கோடி, 20 கோடி என்று சொல்ல வேண்டியிருக்கும். பங்கு வாங்கியவருக்கு வட்டி கிடையாது. அவர் பணம் திரும்பி வருவது அந்தப் பங்கை வேறொருவர் கூடுதல் விலைக்கு வாங்கும்போதுதான். அவர் பின்னால் இருக்கும் நிதிக்கும் பத்து வருஷம் போல ஒரு ஆயுள் உண்டு, அதற்குள் விற்றாக வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணத்தின் இயல்பு அது. கிலோவுக்கு 6 ரூபாயை 12 ரூபாய் ஆக்கு என்ற நெருக்கடி உங்களுக்கு வரும். அதைக் கடைசியில் தாங்கப்போகிறவர், காலையில் கடன் வாங்கி ஏலத்தில் மீன் எடுக்கிற அம்மாதான்.

இந்த ஆக்சிலரேட்டர் முறை எங்கே வளர்ந்தது என்று தெரிந்தால் விஷயம் புரியும். அமெரிக்காவில் ஒய் காம்பினேட்டர் 2005-ல் தொடங்கியது. அவர்களது வழக்கமான ஒப்பந்தம் இப்போது 5 லட்சம் டாலர். அதில் 1,25,000 டாலருக்கு 7 சதவீதம், மீதி 3,75,000 டாலர் அடுத்த சுற்று முதலீட்டின்போது பங்காக மாறும். மென்பொருள் கம்பெனிகளை நினைத்து வளர்ந்த முறை இது. ஒரு செயலியை ஆயிரம் பேர் பயன்படுத்தினாலும் பத்து லட்சம் பேர் பயன்படுத்தினாலும் செலவு பெரிதாக அதிகரிக்காது. உங்களுக்கு ஒவ்வொரு ஊருக்கும் புதிதாக இரும்பு வாங்க வேண்டும், வெல்டிங் வைக்க வேண்டும். அதே ஒய் காம்பினேட்டரே 2013-ல் லாப நோக்கமற்ற அமைப்புகளைச் சேர்த்தபோது பங்கு கேட்காமல் நன்கொடையாகத்தான் பணம் கொடுத்தது. வேலைக்குத் தகுந்த பணம் என்பது அவர்களுக்கும் தெரிந்த விஷயம்.

இரும்புக்கும் தகட்டுக்கும் பங்கை விற்காதீர்கள். அதற்குக் கடனும் மானியமும் போதும். பெட்டி உங்கள் கம்பெனியின் சொத்தாகத்தான் இருக்க வேண்டுமா என்று யோசியுங்கள். பெண்களோ அவர்கள் குழுவோ பெட்டியை வாங்கினால், உங்கள் வேலை செய்து கொடுப்பதும் பராமரிப்பதும்தான். 2020-ல் வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண் பயனாளிகளுக்கு 60 சதவீதம் வரை மானியம் உண்டு. உங்கள் உலர்த்தி அந்தப் பட்டியலில் எந்த இனத்தில் வரும் என்று மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் 35 சதவீத மானியம், உச்சவரம்பு 10 லட்சம். குழுப் பெண்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்ப மூலதனமும் உண்டு.

மழைக்காலத்துக்கு என்ன வழி? சவுக்கு மிளாறோ முந்திரிக் கொட்டை ஓடோ எரித்துச் சூடு கொடுக்கும் இரண்டாவது மாடலைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். மழையில் இரண்டு மாதம் கூட ஓடினால் உங்கள் கணக்கே வேறு. அந்தச் சோதனைக்கு மானியம் கேளுங்கள். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் 2021-ல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வந்தது. மாதிரி செய்து சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ பங்காக மாறும் கடன்பத்திரமாகவோ. பணம் நேராக வராது, புதுத் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் இன்குபேட்டர் என்ற மையம் ஒன்றின் வழியாகத்தான் வரும். மூன்று இன்குபேட்டர் வரை விருப்ப வரிசையில் குறிப்பிடலாம். விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி 2 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. உங்கள் பதிவுச் சான்றிதழின் தேதியை இன்றைக்கே பாருங்கள். அந்தப் பணத்தில் கட்டடம், கொட்டகை போடக் கூடாது. விண்ணப்பம் இப்போது திறந்திருக்கிறதா என்பதை ஸ்டார்ட்அப் இந்தியா தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழக அரசின் டான்சீட் நிதியையும் விடாதீர்கள். 10 லட்சம் ரூபாய், அதற்கு 3 சதவீதப் பங்கு. பசுமைத் தொழில், ஊரக வாழ்வாதாரம், பெண்கள் தலைமையிலான நிறுவனம் என்றால் 15 லட்சம். இந்த மூன்றிலுமே நீங்கள் வருகிறீர்கள். விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்.

சிங்கப்பூர்க்காரர்களுக்கு என்ன சொல்வது? கதவைச் சாத்த வேண்டாம். மரியாதையாக ஒரு மாற்று ஒப்பந்தம் எழுதி அனுப்புங்கள். பங்குக்குப் பதில் வருமானப் பங்கு. மாத வசூலில் 5 சதவீதமோ 6 சதவீதமோ கொடுத்துக்கொண்டே வருவது, கொடுத்த பணத்தின் ஒன்றரை மடங்கு சேர்ந்ததும் கணக்கு முடிவது. வசூல் இல்லாத மே மாதத்தில் கொடுக்க வேண்டியதும் இல்லை. சமூக முதலீட்டில் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 2001-ல் தொடங்கிய அக்யூமென் போன்றவர்கள் பல வருஷம் பொறுத்திருக்கும் பணம் என்பதையே கொள்கையாக வைத்திருக்கிறார்கள். அதே 2001-ல் சென்னையில் தொடங்கிய வில்குரோ, கிராமத்துக் கண்டுபிடிப்புகளைத் தொழிலாக வளர்க்கிற வேலையைச் செய்கிறது. அவர்களுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.

பங்குதான் வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தால், கட்டணத்தை நீக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்தை இரண்டு தவணையாகப் பிரித்து, ஒன்றைத் தடைக்காலத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது 14 பெட்டியை யார் திறந்து மூடுவது? பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள், வெளிநாட்டவருக்குப் பங்கு கொடுத்ததைத் தெரிவிக்கும் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கிவிட வேண்டும். இதைத் தெரிந்த ஆடிட்டர் இல்லாமல் வெளிநாட்டுப் பணத்தை வாங்கவே கூடாது.

ஒரு விஷயம் மிச்சம். மீன் இல்லாத மாதத்தில் அதே பெட்டியில் பழம் காய வைக்கலாமே என்று அவர்களது ஆலோசகர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நெத்திலி காய்ந்த பெட்டியில் பலாச்சுளை காய வைத்தால் யார் வாங்குவார்கள்? தட்டை மாற்றினாலும் மரச்சட்டத்தில் ஏறிய வாடை போகாது. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நல்ல பதில் இருக்கிறது. தடைக்காலத்தில்தான் கருவாட்டுக்கு விலை. பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த கருவாட்டை ஈரம் ஏறாமல் கட்டிவைத்து மே மாதம் விற்றால், கிலோவுக்கு 6 ரூபாய் கூலியை விட லாபம் அதிலே கூடுதலாக இருக்கும். அதற்கு வேண்டியது நாலு மாத நடப்பு மூலதனம். வங்கியில் கேட்க வேண்டிய பணம் அது. பெண்கள் குழுவாகக் கேட்டால் கிடைக்கும். முதுநகரில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மீன்கூடை சுமக்கிற அம்மாக்கள் தவணை தவறுவது கடல் தவறும்போது மட்டும்தான்.

கேள்வி: எங்கள் டிரஸ்ட் புதுச்சேரியில் துணி நாப்கின் தைக்கும் பெண்கள் குழுவை நடத்துகிறது. ஐரோப்பாவில் உள்ள ஒரு அறக்கட்டளை நடத்திய இணையவழி ஆக்சிலரேட்டர் பயிற்சியை முடித்தோம். 15,000 யூரோ மானியம் அறிவித்திருக்கிறார்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களுக்கு இல்லை. என் சொந்தச் சேமிப்புக் கணக்கில் வாங்கி டிரஸ்டுக்கு மாற்றிவிடலாம் என்கிறார் ஒரு நண்பர்.
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: செய்யவே செய்யாதீர்கள். நண்பர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் 2010-ம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அது குற்றம். டிரஸ்டின் பெயரும் கெடும், உங்கள் பெயரும் கெடும், அந்தப் பெண்களின் தையல் மெஷினும் நின்றுபோகும்.

வழக்கமான பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் முன் அனுமதி என்று ஒரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட ஒரு வேலை, குறிப்பிட்ட ஒரு தொகை என்று காட்டி உள்துறை அமைச்சகத்தில் விண்ணப்பிப்பது. உங்களுக்கு இதுதான் பொருந்தும். கொடையாளரிடமிருந்து உறுதிக் கடிதம் வாங்குங்கள். பணம் முதலில் வந்து விழ வேண்டிய கணக்கு, டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் இருக்க வேண்டும். 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வந்த பணத்தை வேறொரு தொண்டு நிறுவனத்துக்கு மாற்றவும் கூடாது. அதனால் பதிவு உள்ள இன்னொரு அமைப்பு வாங்கிக் கொடுத்துவிடும் என்ற யோசனையும் நடக்காது. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும், கொடையாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இடைக்காலத்தில், அவர்கள் உங்கள் நாப்கினை விலை கொடுத்து வாங்கட்டும். பொருளுக்கான விலையாக, வழக்கமான வியாபாரமாக வரும் பணம் பங்களிப்பு ஆகாது. உண்மையான ஆர்டர், உண்மையான விலை, உண்மையான பில் இருக்க வேண்டும். நன்கொடையை பில்லுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது.

உள்நாட்டுப் பணத்தையும் பாருங்கள். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனி, மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு. அந்தப் பணத்தை வாங்க உங்களிடம் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இரண்டும், சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கையில் இருந்தால் நெய்வேலி வரை போய்க் கதவைத் தட்டலாம்.

கேள்வி: ஸ்டார்ட்அப் இந்தியா பணம் வாங்கித் தருகிறேன், முன்பணம் 75,000 கொடுங்கள், 20 லட்சம் நிச்சயம் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: நம்பாதீர்கள். ஸ்டார்ட்அப் என்ற அரசு அங்கீகாரம் பெறக் கட்டணமே கிடையாது, உங்கள் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். விதை நிதிக்கு இன்குபேட்டரும் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது. யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது ஒரு குழு. நிச்சயம் என்று சொல்ல இவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. நகையை அடகு வைத்து இப்படிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. ஆவணம் தயார் செய்ய ஆடிட்டருக்கு நியாயமான கூலி கொடுப்பது வேறு, இது வேறு.

கேள்வி: எனக்கு வயது 56. பண்ருட்டி. பலாச்சுளை வற்றல், பலாக்கொட்டை மாவு செய்கிறேன். தோப்பில் விழுந்து அழுகும் பழத்தை எடுத்து இருபது பெண்களுக்கு சீசன் வேலை கொடுக்கிறேன். என் பெயரிலேயே தனி உரிமையாளர் கடையாகத்தான் இருக்கிறது. ஆங்கிலம் வராது. இந்த ஆக்சிலரேட்டர் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குத்தானா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: வயதைப் பற்றி நீங்கள் கேட்கவே வேண்டாம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் தவளக்குப்பம் தாண்டும்போது அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அது. முதலீட்டாளர் யாரும் அவர் பின்னால் நிற்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார், குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பதில் முடியாதவருக்கும் பார்ப்பது என்று தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992-ல் ஆரோலேப் என்று தாங்களே செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கு சமூகத் தொழில் என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த உதாரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் உங்களுக்கு ஆக்சிலரேட்டர் இப்போது தேவை என்று நான் நினைக்கவில்லை. தனி உரிமையாளர் கடைக்கு ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்.எல்.பி., பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்றவைதான் தகுதி. அதற்காக அவசரப்பட்டுக் கம்பெனி ஆக்காதீர்கள், வருஷா வருஷம் தணிக்கைச் செலவு காத்திருக்கும். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன 35 சதவீத மானியத் திட்டம் உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்தது, தனி உரிமையாளரும் வாங்கலாம். பெரிதாகப் போக நினைத்தால் வேறொரு புதிய யூனிட்டுக்கு பி.எம்.இ.ஜி.பி. என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டம் இருக்கிறது. உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் வரை. ஊரகத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம் மானியம், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர் போன்றோருக்கு 35 சதவீதம். மானியம் முதல் மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக நிற்கும், கையில் வராது. இதைத் தெரியாமல் போய்க் கிளையில் சண்டை போடுகிறவர்கள் பலர்.

மாவட்டத் தொழில் மையத்தில் தமிழிலேயே பேசுங்கள். ஒரு பழத்தில் எத்தனை கிலோ சுளை, அதில் எத்தனை கிலோ வற்றல், அடக்க விலை என்ன, விற்கிற விலை என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும். இதைச் சரியாகச் சொல்கிற ஆளிடம் எந்த அதிகாரியும் ஆங்கிலம் கேட்டதில்லை.

கேள்வி: வீடு கடலூரில், கல்லூரி நண்பர்கள் புதுச்சேரியில். கம்பெனியை எங்கே பதிவு செய்வது நல்லது?
– மாணவர், மஞ்சக்குப்பம்

பதில்: தம்பி, எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் திட்டமே மாறிவிடும். டான்சீட் வேண்டுமென்றால் பதிவு அலுவலகம் தமிழ்நாட்டில் இருக்க வேண்டும். புதுச்சேரியில் பதிந்தால் அந்த அரசின் சலுகைகள்தான். ஜி.எஸ்.டி. எண்கூட 33-க்குப் பதில் 34-ல் தொடங்கும். மத்திய அரசின் விதை நிதிக்கு எந்தப் பக்கம் என்றாலும் ஒன்றுதான். புதுச்சேரி பொறியியல் கல்லூரி வளாகத்தில், இப்போது அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஒரு அடல் இன்குபேஷன் மையம் இருக்கிறது. கடலூர்ப் பிள்ளைகளும் போய்ப் பேசலாம். வேலை எங்கே நடக்கிறதோ, வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே பதிவு செய்யுங்கள். சலுகைக்காக ஒரு ஊரில் பெயர்ப்பலகை, வேலை இன்னொரு ஊரில் என்று போனால் நேரில் ஆய்வுக்கு வரும் அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து குடியிருப்புகளில் குப்பை பிரித்து உரம் தயாரிக்கிறோம். விண்ணப்பத்தில் எத்தனை பேர் வாழ்க்கையில் மாற்றம் கொண்டுவந்தீர்கள் என்று கேட்கிறார்கள். 10,000 பேர் என்று போடலாமா? மற்றவர்கள் அப்படித்தான் போடுகிறார்கள்.
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: போடாதீர்கள் அம்மா. நீங்கள் வேலை செய்யும் தெருக்களில் குடியிருப்பவர்கள் எல்லோரையும் கூட்டினால் 10,000 வரலாம். ஆனால் அவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியது என்று அடுத்த கேள்வி வந்தால் பதில் இருக்காது. நல்ல தேர்வுக் குழுவில் அந்த அடுத்த கேள்வி நிச்சயம் வரும்.

உங்களிடம் வேலை பார்க்கும் ஆறு பெண்களும் முன்பு குப்பை பொறுக்கிக் காயலான் கடையில் போட்டவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு மாதம் எவ்வளவு சம்பாதித்தார்கள், இன்றைக்கு எவ்வளவு? கையுறை உண்டா? கை வெட்டுப்பட்டு வேலைக்கு வராத நாள் குறைந்திருக்கிறதா? அவர்கள் பிள்ளைகளில் யார் மறுபடி பள்ளிக்குப் போனார்கள்? இதை அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். பெயரை வெளியே தர வேண்டாம், நோட்டில் இருக்கட்டும். எத்தனை கிலோ மக்கும் குப்பை வந்தது, எத்தனை கிலோ உரம் போனது என்று எடைத் தராசுக் கணக்கு தினமும் இருக்கட்டும். தொடங்குவதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாமல் பிறகு வந்த மாற்றத்தைக் காட்டவே முடியாது. இரண்டாவது வட்டாரத்துக்குப் போகும் முன்பு அங்கே அந்தக் கணக்கை எடுத்துவிடுங்கள்.

எந்த ஆக்சிலரேட்டருக்கு விண்ணப்பிப்பதாக இருந்தாலும், அதில் முன்பு இருந்தவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். பணம் சொன்ன தேதியில் வந்ததா, பயிற்சி முடிந்த பிறகு போன் எடுத்தார்களா, குப்பைத் தொழில் தெரிந்த ஆள் ஒருவராவது ஆலோசகராக இருந்தாரா என்று கேளுங்கள். வில்லேஜ் கேப்பிடல் என்ற அமைப்பு, யாருக்குப் பணம் என்பதைப் பயிற்சியில் இருக்கும் தொழில்முனைவோரே ஒருவரை ஒருவர் மதிப்பிட்டு முடிவு செய்யும் முறையை வைத்திருந்தது. நடுவரை விடச் சக தொழில்காரருக்குக் கண் கூர்மை. உங்கள் விண்ணப்பத்தையும் அப்படி ஒரு ஆளிடம், நகராட்சிக் குப்பை ஒப்பந்தம் எடுத்து நடத்திய யாரிடமாவது காட்டுங்கள். அவர் சிவப்பு மையில் அடித்துத் தருவதை மாற்றிய பிறகு அனுப்புங்கள்.